ஒன்ராறியோவில் தமிழ் முதியோர் இல்லம்: கட்டடத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஸ்காபுறோவில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, வயது போன தமிழர்களுக்கு ஒரு இல்லம் தொடங்க யோசிக்கிறோம். ஒரு பெரிய வீட்டை வாங்கி ஆரம்பிக்கலாமா? என்ன அனுமதி வேண்டும், எவ்வளவு காசு வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் நேரடியான பதில். வீடு வாங்காதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். தமிழ் பேசும் பராமரிப்பாளர்களையும், தமிழ்ச் சமையலையும், காத்திருப்புப் பட்டியலில் நேரத்தோடு பெயர் கொடுத்த குடும்பங்களையும் முதலில் சேருங்கள். இந்த மூன்றும் இருந்தால் வேறொருவருடைய கட்டடத்திலேயே நல்ல தமிழ் இல்லம் நடத்தலாம். இந்த மூன்றும் இல்லாமல் சொந்தக் கட்டடம் எழுப்பினால் வாசலில் தமிழ்ப் பெயர்ப் பலகை இருக்கும், உள்ளே தமிழ் இருக்காது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சட்டமும் காரணம், முதுமையும் காரணம்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த தமிழர்களை நினைத்துப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 தமிழர்களில் அன்று 25 வயதாக இருந்தவருக்கு இன்று 60க்கு மேல். அவர்கள் பிறகு ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட பெற்றோரில் பலர் 80ஐத் தாண்டிவிட்டார்கள். ஆகவே தேவை உண்மையானது, அவசரமானதும்கூட. ஆனால் அவசரத்தில் எடுக்கும் முதல் முடிவு பெரும்பாலும் கட்டடமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் "முதியோர் இல்லம்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது சட்டத்தில் இரண்டு வேறு விடயங்கள்.

ஒன்று ரிடையர்மென்ற் ஹோம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் இடம், நடத்துபவரின் உறவினர் அல்லாத குறைந்தது 6 பேருக்கானது, சாப்பாடு, குளிக்க உதவி, மருந்து கொடுத்தல் போன்ற பராமரிப்புச் சேவைகளில் குறைந்தது 2 கிடைக்கிறது என்றால் அது ரிடையர்மென்ற் ஹோம். அதற்கென்று உள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். இதில் இருப்பவர் வாடகையையும் பராமரிப்புச் செலவையும் தானே கட்ட வேண்டும். ரொறன்ரோ பக்கம் மாதம் 4,000 டொலரைத் தாண்டுவது சாதாரணம். ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் நம்முடைய அம்மா, அப்பாக்களில் எத்தனை பேருக்கு இது கட்டும்?

மற்றது லோங் ரேர்ம் கெயார். 24 மணி நேரமும் தாதிப் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களுக்கானது. 2021இல் நிறைவேறி 2022 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை ஆள்கிறது. பராமரிப்புச் செலவை மாகாண அரசு தருகிறது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் இருப்பவர் கட்ட வேண்டியது, அடிப்படை அறைக்கு மாதம் ஏறக்குறைய 2,000 டொலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதிலும் கழிவு உண்டு, ஆனால் அடிப்படை அறைக்கு மட்டும்தான். நாம் மனதில் வைத்திருக்கும் "தமிழ் முதியோர் இல்லம்" பெரும்பாலும் இதுதான். ஆனால் இதை நினைத்தவுடன் தொடங்க முடியாது. கட்டில்களை ஒதுக்குவதும் உரிமம் தருவதும் மாகாண அமைச்சு.

சரி, 6 பேருக்குக் குறைவாக, 5 பேரோடு ஒரு வீட்டில் தொடங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ரிடையர்மென்ற் ஹோம் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம்தான். ஆனால் ரொறன்ரோவில் 2024 மார்ச் 31 முதல் பல குடித்தன வீடுகளுக்கான உரிமச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் தீயணைப்பு விதிகள், வீட்டுக் காப்புறுதி எல்லாம் வரும். 2014 ஜனவரியில் கியூபெக்கின் லில்-வேர்ட் என்ற சிற்றூரில் முதியோர் இல்லம் ஒன்று இரவில் எரிந்து 32 பேர் இறந்தார்கள். தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்த புதிய பகுதி தப்பியது, இல்லாத பழைய பகுதி எரிந்து விழுந்தது. எழுந்து ஓட முடியாத 5 பேரை மேல்மாடியில் வைத்துக்கொண்டு, இரவுக்கு ஒரே ஒரு ஆளை நிறுத்தி நடத்தும் வீட்டை, எவ்வளவு அன்போடு நடத்தினாலும், நான் ஆதரிக்க மாட்டேன்.

இனிக் காசு. லோங் ரேர்ம் கெயார் வடிவமைப்பு விதிப்படி இல்லத்துக்குள் ஒரு குடியிருப்புப் பகுதியில் 32 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் புதிய இல்லங்கள் 128, 160 என்று 32இன் மடங்குகளில் எழும்புவதைப் பார்க்கலாம். அதைவிடச் சிறிதாகக் கட்டினால் இரவுத் தாதிக்கும் சமையலறைக்கும் ஆகும் செலவைத் தாங்க முடியாது. ஒரு கட்டிலுக்குக் கட்டுமானச் செலவே பல இலட்சம் டொலர். அரசு தரும் கட்டுமான உதவித்தொகையின் பெரும்பகுதி இல்லம் திறந்த பிறகு, 25 வருடத்துக்கு, நாள் கணக்கில் வருகிறது. அதுவரைக்கும் வங்கிக் கடனும் சமூகத்தின் நன்கொடையும்தான். கோயில் மண்டபத்தில் ஒரு இராப்போசன விருந்து வைத்துச் சேர்க்கக்கூடிய தொகை அல்ல இது. நடத்தும் காசுக்கும் கட்டுப்பாடு உண்டு. தாதிப் பராமரிப்பு, நிகழ்ச்சிகள், உணவு ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தரப்படும் பணத்தில் மிச்சம் வந்தால் அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உணவுப் பணத்தை எடுத்துக் கடன் கட்ட முடியாது. இது நல்ல விதி.

நமக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். யூத சமூகத்தின் பேகிறெஸ்ற் 1918இல் தொடங்கியது. இத்தாலியர்களின் வில்லா கொலம்போ 1976இல். நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஸ்காபுறோவிலேயே இருக்கிறது: சீன சமூகத்தின் யீ ஹொங். வைத்தியர் ஜோசப் வொங் தலைமையில் 1987இல் முயற்சி தொடங்கி, முதல் இல்லம் 90 கட்டில்களோடு திறந்தது 1994இல். பிறகு அது 4 இல்லங்களாக, 805 கட்டில்களாக வளர்ந்தது. ஊரறிந்த வைத்தியரும் பெரிய சமூகமும் இருந்தும் முதல் கதவு திறக்க 7 வருடம் ஆனது. இதைச் சோர்வடையச் சொல்லவில்லை. அந்த 7 வருடத்தில் உங்கள் குழு என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுதான் உண்மையான திட்டம்.

அடுத்ததுதான் பெரும்பாலான குழுக்கள் கவனிக்காமல் விடுவது. லோங் ரேர்ம் கெயாரில் யார் உள்ளே வருவார்கள் என்பதை இல்லம் தீர்மானிப்பதில்லை. ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்ற மாகாண நிறுவனத்தின் இணைப்பாளர்கள் தகுதியைப் பார்த்து, காத்திருப்புப் பட்டியலில் போட்டு, இடம் வரும்போது அனுப்புகிறார்கள். சாதாரணமாக ஒருவர் 5 இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். குறிப்பிட்ட மதம், இனம் அல்லது மொழிக்காரருக்காக நடக்கும் இல்லங்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று பட்டியலில் உண்டு. அதில் அந்தச் சமூகத்தவருக்கு முன்னுரிமை கிடைக்கும். ஆனால் அதற்கும் மேலே, உடனே இடம் தேவைப்படுகிறவர்களுக்கான நெருக்கடிப் பிரிவு நிற்கிறது. நெருக்கடியில் இருப்பவர் எந்த மொழிக்காரரானாலும் முதலில் அவர்தான்.

இதன் விளைவைப் பாருங்கள். நம்முடைய குடும்பங்கள் பெயர் கொடுக்கவே தயங்குகின்றன. "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டான்" என்ற பேச்சுக்குப் பயந்து, மகளும் மருமகளும் மாறி மாறி வேலையை விட்டுவிட்டு முடிந்தவரை இழுக்கிறார்கள். ஒருநாள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிகிறது. வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்குத் திரும்ப முடியாது. 2022இல் வந்த சட்டப்படி, வைத்தியசாலைச் சிகிச்சை முடிந்தவரைத் தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரைக்கும் உள்ள ஓர் இல்லத்துக்கு, அவர் தெரிவு செய்யாவிட்டாலும், சேர்க்க ஏற்பாடு செய்யலாம். மறுத்து வைத்தியசாலையிலேயே தங்கினால் நாளுக்கு 400 டொலர். தமிழ் பேசும் ஒருவர்கூட இல்லாத ஊரில் அந்த அம்மா போய்ச் சேர்வது இப்படித்தான். அதே நேரத்தில் ஓர் இல்லத்தின் தமிழ்ப் பகுதியில் காலியாகும் கட்டிலுக்கு, நெருக்கடிப் பட்டியலில் இருந்து வேறு யாரோ வருகிறார்கள். ஆகவே நெருக்கடி வருவதற்கு முன்னமே குடும்பங்களை உட்கார வைத்துப் பேசி, தகுதி வந்தவுடன் விண்ணப்பிக்க வைப்பதுதான் தமிழ் இல்லத்தின் முதல் அத்திவாரம். அதற்குக் காசு தேவையில்லை, வெட்கத்தைக் குறைக்கும் பேச்சுத்தான் தேவை.

ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன வைத்தியசாலை ஏற்பாட்டைத் தவிர, முடிவெடுக்கும் திறன் உள்ள ஒருவரை, அவருடைய சம்மதம் இல்லாமல் இல்லத்தில் சேர்க்க முடியாது. இது 1996ஆம் ஆண்டு வைத்தியச் சம்மதச் சட்டம். "செக்கப்புக்குப் போறம், ரெண்டு நாளில வந்திடலாம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவது சட்டத்துக்கும் விரோதம், அந்த மனிதருக்குச் செய்யும் கொடுமையும்கூட. மறதி நோய் தொடங்குவதற்கு முன்பே, தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவரே எழுதிக் கையெழுத்து வைக்க உதவி செய்யுங்கள். பிள்ளைகள் மூன்று நாட்டில் இருக்கும் குடும்பங்களில் இந்தத் தாள் இல்லாமல் வரும் சண்டைகள் மிக மோசமானவை.

யார் தகுதி பெறமாட்டார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். லோங் ரேர்ம் கெயாருக்கு மாகாண மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும். சூப்பர் விசாவில், அதாவது நீண்டநாள் தங்கும் வருகையாளர் விசாவில், வந்திருக்கும் பெற்றோருக்கு அது இல்லை. ஸ்பொன்சரில் நிரந்தரக் குடியிருப்புப் பெற்றவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி உண்டு, ஆனால் முதியோர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடம் கனடாவில் வசித்திருக்க வேண்டும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் பிள்ளை ஒப்பமிடும் பொறுப்போ 20 வருடம். இந்த இடைவெளியில் இருப்பவர்களுக்கு உங்கள் இல்லம் என்ன செய்யும் என்று முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். என்னுடைய அபிப்பிராயம், நன்கொடைப் பணத்தின் பெரும்பகுதி கட்டடத்துக்குப் போகாமல் இவர்களுக்கான பகல் நேரப் பராமரிப்புக்கும் வீட்டு உதவிக்கும் போக வேண்டும்.

இனி உள்ளே நடக்கும் பராமரிப்பு. மறதி நோய் முற்ற முற்ற, பலருக்குப் பிற்காலத்தில் படித்த மொழி முதலில் நழுவிப் போகும். 30 வருடம் தொழிற்சாலையில் ஆங்கிலம் பேசி வேலை செய்த ஐயா ஒருவர், கடைசியில் ஊர்த் தமிழ் மட்டுமே பேசுவார். இரவு இரண்டு மணிக்கு ஒரு அம்மா கட்டிலில் இருந்து இறங்கப் பார்க்கிறார், சத்தம் போடுகிறார், கையைத் தட்டிவிடுகிறார். தமிழ் தெரியாத பணியாளர் குறிப்பில் "கிளர்ச்சி, ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவார். அவர் கேட்டது "கால் கழுவத் தண்ணி". தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இல்லாவிட்டால் அது மயக்க மருந்தில் போய் முடியலாம். எனவே பகலில் ஒரு தமிழ் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரை வைத்துவிட்டு "தமிழ்ச் சேவை உண்டு" என்று சொல்வது போதாது. இரவு வேலைக்குத் தமிழ் பேசுபவர் இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடத்தும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டிய நிபந்தனை இது.

நல்ல காலம், ஸ்காபுறோ, மார்க்கம் பக்கங்களில் பராமரிப்புப் பணியாளர்களாகத் தமிழ்ப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக ஓடுகிறார்கள். முழுநேர வேலையும் நிலையான நேரமும் கொடுத்தால் அவர்கள் ஒரே பகுதியில் நிற்பார்கள். ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு என்பது மாகாணத்தின் இலக்கு. அந்த 4 மணி நேரத்தைத் தருவது தெரிந்த முகமாக இருந்தால்தான் பயன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் "நாங்கள் புட்டும் சொதியும் குடுப்பம்" என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பக்கவாதம், மறதி நோய் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது கஷ்டம். அவர்களுக்கு உணவின் தன்மையை 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை இருக்கிறது. அந்த முறையில் பார்த்தால் நம்முடைய புட்டு ஆபத்தானது: காய்ந்து உதிரும், தொண்டையில் சிதறும். ரசம் தண்ணீராக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சோறும் ரசமும் கலந்தால், திண்மமும் திரவமும் ஒன்றாக வருவதால் இன்னும் கஷ்டம். சோற்றை வெறுமனே அரைத்தால் பசையாகி ஒட்டும். எனவே புட்டைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து வழுவழுப்பாக அரைப்பது, சொதியை அளவாகத் தடிப்பாக்குவது, நிறமும் வாசமும் கெடாமல் தனித்தனியாகக் கிண்ணத்தில் வைப்பது, இதையெல்லாம் நம்முடைய சமையல்காரரும் உணவியல் நிபுணரும் பேச்சுச் சிகிச்சையாளரும் ஒரே மேசையில் இருந்து செய்து பார்க்க வேண்டும். அரைத்த உணவு சாப்பிடும் ஒருவருக்கும் மீன் குழம்பின் வாசம் தெரிய உரிமை உண்டு. இந்த வேலையை இன்றைக்கே, இல்லம் இல்லாமலே, தொடங்கலாம். தயாரான சமையல் குறிப்புகளோடு ஓர் இல்லத்தின் கதவைத் தட்டினால் அவர்கள் மறுப்பது கஷ்டம்.

அப்புறம் சின்னதாகத் தெரியும் பெரிய விடயங்கள். மலசலகூடத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டும். கடதாசி மட்டும் என்பது நம்முடைய பலருக்கு ஒவ்வொரு நாளும் அவமானம். விதிப்படி கிழமைக்குக் குறைந்தது 2 முறை, அவரவர் விரும்பும் முறையில் குளிப்பாட்ட வேண்டும். அது குறைந்தபட்சம்தான், நம்மவர்கள் அதைவிட அதிகம் கேட்பார்கள். பெண்களைக் குளிப்பாட்டப் பெண்களே வர வேண்டும். ஒட்சிசன் பாவிக்கும் இடத்தில் திரி விளக்கு ஏற்ற முடியாது, மின்விளக்கு வைக்கலாம். வெள்ளிக்கிழமை மரக்கறிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பேன் என்று அடம்பிடிக்கும் நீரிழிவுக்காரருக்கு வைத்தியரோடு சேர்ந்து முன்கூட்டியே ஒரு ஏற்பாடு. கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான், அவர்களுக்கும் அதே அளவு இடம்.

போரைப் பற்றியும் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விக்ரோறியா தினத்திலும் கனடா தினத்திலும் வெடிக்கும் வாணவேடிக்கை, தீ எச்சரிக்கைப் பயிற்சியின் அலறல், சீருடையில் அறைக்குள் வரும் ஆண்கள், இவை எல்லாம் குண்டுவீச்சில் பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு வேறு அர்த்தம் தரும். பயிற்சியை நிறுத்த முடியாது, ஆனால் முன்னதாகவே பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ள முடியும். பிள்ளையைக் காணாமல் ஆக்கப்பட்டதில் இழந்த தாய் ஒருவர் ஒவ்வொரு பின்னேரமும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றால், அது "அலைந்து திரிதல்" என்று மட்டும் குறிப்பில் போகக் கூடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இலாப நோக்கமற்ற ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள், பிறகு அறக்கட்டளை அந்தஸ்துக்கு விண்ணப்பியுங்கள். இயக்குநர் சபையில் ஊர்ச் சங்கத் தலைவர்களை நிரப்பாதீர்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கணக்காளர், சட்டத்தரணி, முதியோர் இல்லம் ஒன்றை நடத்தி அனுபவம் உள்ளவர், பெற்றோரை இல்லத்தில் வைத்திருக்கும் மகளோ மகனோ, கட்டாயம் இரண்டு முதியவர்கள். யாரும் தன் சொந்தக் காணியை, தன் சொந்தக் கட்டட நிறுவனத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே எழுதி வையுங்கள். சமூகத்தின் நம்பிக்கை ஒருமுறை போனால் இந்த வேலை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போகும்.

பிறகு, ஏற்கெனவே நடக்கும் இலாப நோக்கமற்ற இல்லம் ஒன்றோடு பேசி, 32 பேர் இருக்கும் ஒரு பகுதியைத் தமிழ்ப் பகுதியாக மாற்றக் கேளுங்கள். நீங்கள் பணியாளர்களைத் தேடிக் கொடுப்பீர்கள், சமையலைப் பழக்குவீர்கள், தன்னார்வலர்களை அனுப்புவீர்கள். உரிமமும் பொறுப்பும் அவர்களுடையது. சில வருடம் இப்படி நடத்திப் பழகிய குழு, அனுபவம் உள்ள ஒருவரோடு சேர்ந்து சொந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தால் அமைச்சும் வங்கியும் மதித்துக் கேட்கும்.

எந்த இல்லத்தோடு பேசுவது என்பதைப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாகாண அரசு ஒவ்வொரு இல்லத்தின் அறிக்கையையும் பொதுவில் வைக்கிறது. அழகான வரவேற்பறையைவிட அது அதிகம் சொல்லும். அங்கே குடும்பங்களின் குழு இயங்குகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் முன்னறிவிப்போடு ஒருமுறை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொருமுறை போய்ப் பாருங்கள். இந்த மாதம் செய்யக்கூடியது இன்னும் எளிது: உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவரும் 75 வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் 10 வீடுகளுக்குப் போய், காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரத் தாள் இருக்கிறதா, இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற மூன்று கேள்வியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கூட்டத்தை அந்தத் தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு நடத்துங்கள்.